"வேறை என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டவர்

அன்று காலை எட்டரை ஆகியும் சறோ அக்கா கடைக்கு வரவில்லை. அச்சுவேலிச் சந்தைக்கு அருகே இருக்கும் எங்கள் பாமசியில் அவர் மருந்தாளராக இருந்த பதினொரு வருடங்களில், எட்டு மணியைத் தாண்டி அவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. கடை முதலாளி நான். பிந்தி வருகிறவனும் நான்தான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு தாய், தோளில் சுருண்டு கிடந்த பிள்ளையோடு நின்றிருந்தார். "அக்கா வரட்டும், நான் நிக்கிறன்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் சறோ அக்காவின் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அக்கா எழும்பேல்லை," என்றார். "தேத்தண்ணி கொண்டுபோய்க் கூப்பிட்டனாங்கள். எழும்பேல்லை." பிறகு அவர் அழுவதுதான் கேட்டது.

நான் அந்தத் தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, "அண்ணை, குறை நினையாதேங்கோ. அப்ப இவனுக்கு எவ்வளவு குடுக்கிறது?" என்று கேட்டார். என்னைச் சுற்றி நாலு சுவரிலும் மருந்து அடுக்கியிருந்தது. அவருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் நினைவு மலரில் நானும் ஏதாவது எழுதவேண்டும் என்று அவருடைய தம்பி கேட்டபோது, "ஓம், கட்டாயம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து இளைப்பாறிய கதையை அவருடன் வேலை செய்தவர்கள் எழுதுவார்கள். கல்யாணம் கட்டாமல் தம்பியின் பிள்ளைகளை வளர்த்த கதையை உறவினர்கள் எழுதுவார்கள். அந்தப் பிள்ளைகளும் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும், மலரின் அட்டையில் இருந்தபடியே அவர் என்னைப் பார்ப்பார். அவருடைய அந்தப் பார்வை உங்களில் பலருக்குத் தெரியும்.

அவர் கடைக்கு வந்த முதல் மாதமே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. காரணம் ஒரு தராசு. ஏறி நின்று நிறை பார்க்கும் தராசு ஒன்றை வீட்டிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் வைத்தார். காய்ச்சல் மருந்துக்கு யார் வந்தாலும், "பிள்ளையின்ரை நிறை என்ன?" என்று கேட்பார். "மூண்டு வயசு" என்று தாய் சொன்னால், "நான் வயசைக் கேக்கேல்லைப் பிள்ளை, நிறையைக் கேட்டனான்" என்பார். தெரியாது என்றால் தாயைப் பிள்ளையோடு ஒரு தரமும், பிள்ளை இல்லாமல் ஒரு தரமும் தராசில் ஏற்றுவார். தாய் ஏறி நிற்கும்போது பிள்ளையை வாங்கி வைத்திருக்க யாருமில்லாவிட்டால் என்னைக் கூப்பிடுவார். நான் முதலாளி என்ற எண்ணத்தோடு கதிரையில் இருப்பவன். என் மடியில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் மூத்திரம் பெய்திருக்கின்றன.

"அக்கா, சனம் வரிசையிலை நிக்குது. அங்காலை கடையிலை கேட்ட உடனை எடுத்துக் குடுக்கிறாங்கள்," என்று ஒரு நாள் கத்தினேன்.

"அங்காலை குடுக்கட்டும் தம்பி. ஒரே வயசிலை ரெண்டு பிள்ளையள் வருகுதுகள். ஒண்டு பத்துக் கிலோ, மற்றது பதினஞ்சு. ரெண்டுக்கும் ஒரே அளவைக் குடுத்தால் ஒண்டுக்குக் காணாது, மற்றதுக்குக் கூடிப்போம்," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கரண்டி விஷயத்தையும் சொல்லவேண்டும். வீட்டில் எந்தக் கரண்டியால் மருந்து கொடுக்கிறீர்களோ அதைக் கொண்டுவாருங்கள் என்று தாய்மாரிடம் சொல்லுவார். அவர்களும் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கரண்டியிலும் தண்ணீர் வார்த்து, அதை மருந்து அளக்கும் சின்னச் சிறிஞ்சினால் உறிஞ்சிக் காட்டுவார். ஒரு கரண்டியில் மூன்று மில்லிலீற்றர் வரும், இன்னொன்றில் எட்டு வரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். ஊசியில்லாத அந்தச் சிறிஞ்சில் பேனையால் ஒரு கோடு கீறி, "இந்தக் கோடு மட்டும்தான். ஆறு மணித்தியாலத்துக்கு முந்தித் திருப்பிக் குடுக்கக்கூடாது. ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேலை இல்லை" என்று சொல்லிக் கையில் கொடுப்பார். சிலர் கரண்டிகளை மறந்து விட்டுப்போவார்கள். அவருடைய மேசை லாச்சிக்குள் கரண்டிகள் சேர்ந்துகொண்டே போயின.

இவை எல்லாவற்றையும்விட அவருடைய ஒரு கேள்விதான் ஊரில் பேர்போனது. காய்ச்சல் என்று யார் வந்தாலும், நிறை பார்த்து முடிந்ததும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, வேறை என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை" என்று சொன்னாலும் விடமாட்டார். இன்னொரு தரம் கேட்பார்.

ஒரு நாள் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒருவர், இரண்டு நாள் காய்ச்சலில் துவண்டுபோயிருந்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பரசிற்றமோல் பாணிதான் கொடுத்தோம், வேறு ஒன்றுமில்லை என்றார். "ஆர் குடுத்தது?" என்று அக்கா கேட்டார். "நான்தான்." "வேறை ஆர் குடுத்தது?" அவர் விழித்தார். அக்கா அவருடைய கைத்தொலைபேசியிலேயே வீட்டுக்குக் கதைத்தார். தாய் தன் பங்குக்குக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சித்தி, பிள்ளை முனகுது என்று சளிக்குக் குடிக்கும் தடிமன் பாணி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதற்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது என்பது சித்திக்குத் தெரியாது. மூன்று பேரும் பாசத்தில் கொடுத்தார்கள், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அக்கா கடையை என்னிடம் விட்டுவிட்டு அவர்கள் வந்த ஓட்டோவிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பிள்ளையின் ஈரலைக் காப்பாற்ற மருந்து ஏற்றினார்கள், பிள்ளை தப்பிவிட்டான். அதற்குப் பிறகு, மருந்து கொடுத்த நேரத்தை எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார். "பாசம் வீட்டிலை எல்லாருக்கும் இருக்கட்டும். மருந்து குடுக்கிறது ஒராளாய் இருக்கவேணும்" என்பார்.

இனி வெளிநாட்டுப் பொதிகள். எங்கள் ஊரில் யாருக்குத்தான் லண்டனிலோ கனடாவிலோ ஆள் இல்லை? பொதி வந்தால் சவர்க்காரத்துக்கும் சொக்கிலேற்றுக்கும் நடுவில் பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்துப் போத்தல் ஒன்றும் வரும். அங்கேயிருந்து வந்தது என்பதாலேயே அது உயர்ந்த மருந்து. சனம் அதைக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டும். பெரும்பாலும் ஐபுபுரோஃபன், தோடம்பழம் போலச் செம்மஞ்சள் நிறம், அதே வாசம். மாரிகாலத்தில் அதைப் பார்த்தால் அக்காவின் முகம் மாறிவிடும். "லண்டனிலை இது நல்ல மருந்துதான் பிள்ளை. லண்டனிலை எங்கடை நுளம்பு இல்லை. டெங்குவாய் இருந்தால் இது இரத்தம் கசிய வைக்கும். மழை விட்டு, காய்ச்சல் என்னெண்டு டொக்டர் பாத்துச் சொல்லுமட்டும் இதைத் தொடாதேங்கோ" என்று சொல்லி, போத்தலில் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி, அதில் "டெங்குக் காலத்தில் வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பார். அந்த வசனத்தை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாத மழையில், என் மகள் ஆரணிக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு அப்போது நாலு வயது. அதற்கு முந்திய கிழமை என் மனைவி வதனி அவளைக் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டியில் இருக்கும் தன் தமக்கை சுகந்தியின் வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் நின்றுவிட்டு வந்திருந்தாள். காய்ச்சல் தொடங்கிய அன்றே வதனி பிள்ளையைக் கடைக்குக் கொண்டுவந்தாள். முதலாளியின் மகள் என்று பார்க்காமல் அக்கா அவளையும் தராசில் ஏற்றினார். சிறிஞ்சில் கோடு கீறினார். "பரசிற்றமோல் மட்டும். வேறை ஒண்டும் வேண்டாம். தண்ணி, இளநி, கஞ்சி குடிக்கக் குடுங்கோ. மூத்திரம் போகுதோ எண்டு பாருங்கோ, சலம் குறையக்கூடாது. நாளையிண்டைக்கும் காய்ச்சல் விடாட்டில் இரத்தம் சோதிக்கவேணும்" என்றார். வதனி தலையாட்டினாள். அவள் அக்கா சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்வாள். குசினிக் கதவில் தாளும் ஒட்டினாள்.

நான் செய்யவில்லை. அடுத்த நாள் ஆரணி நெருப்பாய்க் கொதித்தாள். பாணி கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும். "அப்பா, கால் நோகுது, கால் நோகுது" என்று அழுதாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. லண்டனில் இருக்கும் என் தங்கச்சி அனுப்பிய போத்தல் ஒன்று அலுமாரியில் இருந்தது. அவளிடம் தொலைபேசியில் கேட்டேன். "நாங்கள் இஞ்சை எல்லாருக்கும் அதைத்தான் குடுக்கிறனாங்கள் அண்ணை. டக்கெண்டு இறங்கும்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அங்கே அது சரிதான். எங்கடை நுளம்பைப் பற்றி அவளுக்கு நான்தான் சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. கடைக்குப் போய், அக்கா மற்றப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், லாச்சியிலிருந்து புதுச் சிறிஞ்சு ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வதனி கிணற்றடிக்குப் போயிருந்தபோது முதல் தரம் கொடுத்தேன். பிள்ளைக்கு அந்தத் தோடம்பழ ருசி பிடித்திருந்தது. சிரித்தாள். போத்தலை மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அன்றைக்கும் அடுத்த நாளுமாக வதனி காணாமல் ஐந்து தரம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றி குளிர்ந்துபோய் இருந்தது. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. கடைக்கு ஓடிப்போய், "பாத்தியளோ அக்கா, காய்ச்சல் பறந்திட்டுது!" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பிடுதோ?"

"இல்லை, படுத்திருக்கிறாள். களைப்பு."

"சலம் போனதோ?"

எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, டெங்குவிலை காய்ச்சல் விட்ட உடனைதான் பயப்பிடவேணும். இப்பவே கொண்டு போங்கோ." பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வேறை என்ன குடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை அக்கா," என்றேன்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டில் சேர்த்தோம். டெங்குதான் என்று இரத்தச் சோதனையில் வந்தது. இரத்தத்தை உறைய வைக்கும் பிளேற்லெற் விழுந்துகொண்டிருந்தது. சேர்க்கும்போது அங்கிருந்த இளம் பெண் டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, "ஐபுபுரோஃபன் மாதிரி ஏதும் குடுத்தனீங்களோ? பின்பக்கத்தாலை ஏதும் மருந்து வைச்சனீங்களோ?" என்று தெளிவாகக் கேட்டார். வதனி, "இல்லை டொக்டர், பரசிற்றமோல் மட்டும்தான். எழுதி வைச்சிருக்கிறன்" என்று அந்தத் தாளையே எடுத்துக் காட்டினாள். டொக்டர் என்னைப் பார்த்தார். "இவர் பாமசி வைச்சிருக்கிறவர்" என்று வதனி பெருமையாகச் சொன்னாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு என் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

அடுத்த நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். ஆரணியின் உதடு வெளிறியிருந்தது. கையும் காலும் குளிர். மூக்கில் காய்ந்த இரத்தம். வதனி என் கையைப் பிடித்து, "மலம் கறுப்பாய் வெளியாலை போகுதப்பா, தார் மாதிரி" என்றாள். டொக்டர் கட்டிலடியில் நின்று தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரத்தம் இந்த வேகத்தில் குறைய வேண்டிய காரணம் தனக்குப் பிடிபடவில்லை என்று தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிபட்டது. எனக்கு மட்டும்தான் பிடிபட்டது. அப்படியிருந்தும் நான் நின்றேன். சாமி பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றேனே தவிர, அந்த ஒரு மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. என் பிள்ளை என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், நான் என் மரியாதையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாட்டுக்கு வெளியே வந்தபோது சறோ அக்கா நின்றார். கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுகம் விசாரிக்கவில்லை.

"தம்பி, வதனியிட்டை ஒரு சிறிஞ்சு குடுத்து விட்டனான். அடுத்த நாள் நீங்கள் லாச்சியிலை இருந்து இன்னொண்டு எடுத்தனீங்கள். அது எதுக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"வேறை என்ன குடுத்தனீங்கள்?"

மூன்றாவது தரம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னேன். சொல்லிவிட்டு, "அக்கா, நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. உங்களுக்கு டொக்டர்மாரோடை கதைக்கத் தெரியும். காலைப் பிடிக்கிறன்" என்று அழுதேன். ஆட்கள் பார்த்தார்கள்.

"நான் சொல்ல மாட்டன்," என்றார். "எத்தினை தரம், எப்ப, எவ்வளவு எண்டு டொக்டர் கேப்பா. அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். போத்தலை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஓடுங்கோ!"

அன்றைக்குத்தான் அவர் குரலை உயர்த்திக் கேட்டேன். மழைக்குள் ஓடினேன். மோட்டார் சைக்கிள் இருக்கையைத் திறந்தேன். போத்தலையும் அந்தச் சிறிஞ்சையும் கொண்டுவந்தேன். அக்கா என்னை டொக்டரின் அறை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். உள்ளே என்னை முன்னால் விட்டார். டொக்டர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நேற்றுக் கேட்டனான்தானே? ஏன் சொல்லேல்லை?" பேனையை எடுத்தார். "எத்தினை தரம் குடுத்தனீங்கள்?"

"ஒருக்கா," என்றேன்.

எனக்குப் பின்னால் சறோ அக்கா, "தம்பி" என்றார். அவ்வளவுதான்.

"அஞ்சு தரம் டொக்டர்," என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. உள்ளே இரத்தம் கசிகிறது என்ற கணக்கில் எல்லாம் மாறியது. இரத்தம் கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினார்கள். பின்னேரத்துக்குள் என் பிள்ளைக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. டெங்கு தனியாகவும் இப்படிச் செய்யும், ஆனால் இந்த மருந்து அதைக் கூட்டிவிடும், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் பிறகு சொன்னார். இரண்டு நாள் உயிர் ஊசலாடியது. மூன்றாம் நாள் ஆரணி கண்ணைத் திறந்து, தோடம்பழ மருந்து வேணும் என்று கேட்டாள். நல்ல காலம், வதனி தோடம்பழம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அறையில் அவள் இருக்கவில்லை. அந்த நேரம் பிள்ளையின் கட்டிலோடு இருந்தாள். இரத்தம் ஏறிய பின்னேரம் அவள் வாட்டு வாசலில் நின்று தமக்கையோடு தொலைபேசியில் கத்தியதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். "உங்கடை வளவுக்குள்ளை பரல் பரலாய்த் தண்ணி. உங்கடை வீட்டு நுளம்புதான் என்ரை பிள்ளையைத் திண்டது. இனி உந்தப் படலையிலை நான் கால் வைக்க மாட்டன்!" என்றாள். பிறகு என் தோளில் விழுந்து, "நான்தானே கொண்டுபோனனான், என்னாலைதானே" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் விரலில் அந்தத் தோடம்பழ வாசம் இருந்ததாக எனக்குப் பட்டது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அக்கா சொன்னார். "வதனி தன்னிலை பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. நீங்கள் சொல்லவேணும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"சொல்லுறன் அக்கா."

அந்தக் கிழமை சொல்லவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது, மருந்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதோ கடை பூட்டும்போதோ, "சொல்லிப்போட்டீங்களோ?" என்று கேட்பார். "சொல்லுவன் அக்கா, நேரம் வரட்டும்" என்பேன். எதைச் சொல்லுகிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் விளக்கியதில்லை. வதனி தன் தமக்கை மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போகவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் உடுப்பிட்டிப் பக்கம் பஸ் போகும் என்று அறிந்து ஆரணியை அனுப்பவில்லை. மழை வந்தால் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு தானும் சாப்பிடாமல் இருப்பாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் பார்த்தேன்.

இந்த வருடம் அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன். இப்போது யோசித்தால், அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. எது சரி என்று கேட்க இனி ஆளில்லை.

செத்தவீட்டில் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வதனி பெட்டியின் ஒரு பக்கம் இருந்து, "என்ரை பிள்ளையைத் தந்தவவே" என்று குழறினாள். மற்றப் பக்கம் சுகந்தி இருந்தாள். தன் பிள்ளைகளுக்கும் சறோ அக்காவிடம்தான் மருந்து கேட்டு வந்தவள் அவள். நடுவில் அக்கா படுத்திருந்தார். இரண்டு சகோதரிகளும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் அழுதார்கள். பிரேதம் எடுக்கும்போது சுகந்தி ஒரு தரம் வதனியின் கையைத் தொட வந்தாள். இவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன கிழமை அக்காவின் மேசை லாச்சியைத் துப்புரவாக்கினேன். இரண்டு பேனைகள், பிளாஸ்ரர்ச் சுருள், ஊர்ச் சனத்தின் கரண்டிகள். எல்லாவற்றுக்கும் அடியில், தாளில் சுற்றிய ஒரு சிறிஞ்சு. அன்றைக்கு டொக்டரின் மேசையில் நான் விட்டுவிட்டு வந்தது. அவர் எடுத்து வந்து கழுவி வைத்திருக்கிறார். நுனியில் இன்னும் மெல்லிய செம்மஞ்சள் கறை. அதில் கோடு எதுவும் கீறப்படவில்லை. கரண்டிகளைச் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்ளலாம், கடையில் இருக்கின்றன. தராசு வாசலிலேயே நிற்கும், அடுத்து வரும் மருந்தாளருக்கு நானே அதைச் சொல்லிக் கொடுப்பேன். இந்தச் சிறிஞ்சை நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைக்கக்கூடியது அதுதான்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், இந்த வரிக்கு மேலே உள்ள முழுவதையும் இன்று காலை ஆரணி பள்ளிக்கூடம் போனபிறகு வதனியிடம் கொடுத்தேன். குசினி வாசலில் இருந்து வாசித்தாள். ஒரு தரம் வாசித்து முடித்துவிட்டு, தொடக்கத்திலிருந்து திரும்பவும் வாசித்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. நான்தான் போய் இறக்கினேன்.

"வேறை என்ன சொல்லாமல் விட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"வேறை ஒண்டும் இல்லை."

நம்பினாளா என்று தெரியவில்லை. என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. அறைக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். எங்கே என்று கேட்டேன். "உடுப்பிட்டிக்கு," என்றாள். மோட்டார் சைக்கிளை எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அவள் திரும்பி வரும்போது என்னோடு கதைப்பாளோ, கதைக்க மாட்டாளோ, தெரியாது. அவளுடைய குடை வளைவில் மறையும்வரை படலையில் நின்றேன்.

சொல்லிப்போட்டன் அக்கா.